அச்சில் எழுந்த படகு

கொடைரோடு நிலையத்தில் இறங்கி மலையேறுவோர், கொடைக்கானல் ஏரியில் படகு விடாமல் திரும்புவது அரிது. 1863-இல் அவ்வேரியை அமைத்த லெவிஞ்சு என்பார், முதற் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார். அந்நாளில் மரப்படகு ஒன்றை மலைமேல் ஏற்றியவர் தோள்களை எண்ணிப் பாருங்கள்! படகின் எடையைக் குறைத்த ஒரு முறையை இன்று சொல்லப் புகுகின்றேன்.

ஒரு தாளைக் குழலாகச் சுருட்டலாம். குடத்தின் வயிற்றில் சுருக்கமின்றி ஒட்ட இயலுமோ? இயலாது. ஒட்டுப்பலகையாகிய பிளைவுட்டின் இயல்பும் அதுவே. ஆனால் தாளை நாடாக்களாகக் கிழித்தால் குடம் முழுவதையும் மூடிவிடலாம். அவ்வாறே மரத்தை ஏடுபோற் சீவி, படகு வடிவான அச்சின்மேல் சாய்வாகப் பரப்பினர்; அடுத்த அடுக்கை அதற்குக் குறுக்கே ஒட்டினர். மரம் நார் ஓடும் வழியில் வலியது, குறுக்கே மெலியது. ஆதலின் ஓர் அடுக்கின் குறையை மற்றது ஈடுசெய்யும். பிறகு ரப்பர் உறையிட்டுக் காற்றை வாங்கி, சூடும் அழுத்தமும் கொடுத்தால், மூட்டு இல்லாத மெல்லிய ஓடு கிடைக்கும்.

எல்லாம் பசையைப் பொறுத்தது. பாற்புரதப் பசை ஈரம் பொறாது. செயற்கைப் பிசின் பொறுக்கும். இரண்டாம் உலகப் போரில் 'மாஸ்கிட்டோ' என்னும் மர விமானம் இத்தகைய அச்சுகளில் உருவாயிற்று. 1944-இல் இந்தியாவில் அவ்விமானங்கள் சில இறக்கை முறிந்து விழுந்தன. ஒட்டு இணைப்புகளில் குறை காணப்பட்டது. ஒட்டு விட்டால் உயிர் போகும் என்பதை இதனினும் தெளிவாக யார் கற்பிப்பார்?

போர் முடிந்தபின் இவ்வித்தை படகுத் துறைக்கு வந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் இலேசான அச்சுப் படகைக் காரின் பின்னே இழுத்துச் சென்று, பின்பலகையில் அவுட்போர்டு எஞ்சினை மாட்டி ஏரிகளில் உலவின. எவின்ரூடு என்பவர் அத்தகைய எஞ்சினை 1909 முதலே விற்றுவந்தார். பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் வந்து இவற்றை ஒதுக்கிவிட்டன.

நம் கன்னியாகுமரிக் கரையில் கதை வேறு. அங்கே உல்லாசமன்று, பிழைப்பு. கட்டுமரத்திற்குரிய மரம் அரிதாகவே, 1980-களில் முட்டம் முதலிய ஊர்களில் பிளைவுட் படகுகள் பரவின. அச்சு இல்லை, தையற்காரர் துணி வெட்டுவதுபோற் பலகையை வெட்டி, கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசினர். கயிற்றால் தைத்த மசூலாப் படகு அலையை வென்ற தமிழகத்திற்குத் தையல் புதிதன்று. ஆயினும் பலகையின் விளிம்பில் பூச்சு பெயர்ந்தால் நீர் அடுக்குகளுக்கிடையே புகுந்து பலகையைப் பிரித்துவிடும். ஆதலால் கரையேறியதும் முதலில் பார்க்க வேண்டியது விளிம்பையே.