தகவல் ஆணையர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

திருவொற்றியூரில் வாழும் எங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. எண்ணூர்க் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் காட்டும், மத்திய அரசு 1996இல் ஒப்புதல் அளித்த வரைபடம், 2017இல் இச்சட்டத்தின் வழியாகவே பொதுவெளிக்கு வந்தது. மாநில அதிகாரிகளிடமிருந்து பெறப்பட்ட வேறொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை.

இத்தகைய விண்ணப்பத்துக்கு 30 நாள்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் துறைக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பயன் தராவிட்டால் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் எத்தனை நாள்களில் முடிவு கூற வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. தவறிழைக்கும் அலுவலருக்கு 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. எனவே, ஆணையர் யார் என்பது விண்ணப்பதாரரின் தலையெழுத்தையே தீர்மானிக்கிறது.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி முதலமைச்சர், பேரவை எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் நியமிக்கும் அமைச்சர் ஒருவர் ஆகிய மூவர் குழு பரிந்துரைக்க, ஆளுநர் நியமிக்கிறார். மூவரில் இருவர் அரசுத் தரப்பினர். 2019 நவம்பரில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின் தேர்வுக் கூட்டத்தைப் புறக்கணித்தார், நியமனம் நின்றுவிடவில்லை. ஆணையத்தின் ஆண்டறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆணையர்களின் பெயர்களை அங்கே வைக்கச் சொல்லவில்லை. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தமும் விதிகளும் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை மூன்றாகக் குறைத்தன; ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் மத்திய அரசிடம் அளித்தன.

அண்டை நாடான இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியை வகுத்தது. வழக்கறிஞர் சங்கமும், ஊடகத் துறை அமைப்புகளும், குடிமைச் சமூக அமைப்புகளும் பெயர்களை முன்மொழியலாம். சபாநாயகர் தலைமையிலான அரசமைப்புப் பேரவையின் பரிந்துரைப்படியே குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்.

சட்டமன்ற ஒப்புதல் மட்டுமே போதும் என்றும் நான் கருதவில்லை. மெக்சிகோவில் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு செனட் அவையிடம் இருந்தது. அரசியல் இழுபறியால் காலியிடங்கள் நிரப்பப்படாமல், 2023இல் அந்த ஆணையம் குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையின்றிப் பல மாதங்கள் முடங்கியது. 2025இல் ஆணையமே கலைக்கப்பட்டது. வாக்கெடுப்புக்கு அதிகாரம் தந்தால் மட்டும் போதாது, காலக்கெடுவும் பின்பற்றப்பட வேண்டும்.

நமக்குத் தேவை இரண்டும்தான். காலியிடம் உருவாவதற்கு முன்பே தேர்வைத் தொடங்க வேண்டும், பரிசீலிக்கப்படுவோரின் பெயர்களை வெளியிட வேண்டும், ஓய்வுபெற்ற அதிகாரிகளோடு நின்றுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கூறியது. அதற்கு மேல் ஒரு படி செல்லலாம்: பரிந்துரைக்கப்பட்டவர்கள் அனைத்துக் கட்சிப் பேரவைக் குழுவின் முன் வெளிப்படையாகக் கேள்விகளுக்கு விடையளிக்கட்டும், எதிர்க்கட்சித் தலைவரின் மாற்றுக் கருத்து அவையில் வைக்கப்படட்டும். இவை அனைத்தும் குறித்த நாள்களுக்குள் முடியட்டும்.

வெளிப்படைத்தன்மையைக் காக்க வேண்டியவரின் நியமனம் மூடிய அறைக்குள் நடப்பது முரண். அந்தக் கதவைத் திறப்பதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை; ஆளுவோருக்கு மனம் இருந்தால் போதும்.