டீக்கடையில் சொன்னா ராஜினாமா ஆகாது

இன்னைக்கு ரிசைன் பண்றதைப் பத்திப் பேசலாம். வேலை வாங்குறது எப்படின்னு சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க. வேலையை விடுறது எப்படின்னு யாரும் சொல்றதில்லை. நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

என் முதல் வேலை, சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனி. மூணு வருஷம் கழிச்சு வேற இடத்துல ஆஃபர் வந்தது. மேனேஜர் நல்ல மனுஷன். ஒரு சாயங்காலம் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். "சந்தோஷம்ப்பா, பார்த்துக்கலாம்"னார். என் 60 நாள் நோட்டீஸ் அந்த டீயோடவே ஆரம்பிச்சிடுச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

18 நாள் கழிச்சு ஹெச்ஆர்கிட்ட போய், "என் கடைசி நாள் எது?"ன்னு கேட்டேன். "நீங்க ரிசைன் பண்ணவே இல்லையே!" மேனேஜர் மறுக்கலை. ஆனா எழுத்துல எதுவும் இல்லாததால கணக்கு அன்னைக்கிலிருந்துதான்னு சொல்லிட்டாங்க. புது கம்பெனி ஒரு வாரம் பொறுத்துக்கிட்டாங்க. மீதி 11 நாளுக்கு நான் பணம் கட்டி வெளிய வந்தேன். அந்த மாசம் தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்குக் கடன்தான்.

அதனால முதல்ல ஆஃபர் லெட்டர் கையில இருக்கணும். "நீங்க செலக்டட்"னு போன்ல சொல்றது லெட்டர் இல்லை. அப்புறம் சேரும்போது படிக்காம கையெழுத்துப் போட்ட அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுங்க. நோட்டீஸ் எத்தனை நாள், குறைஞ்சா பிடிக்கிறது பேசிக் சம்பளத்துலயா, மொத்தச் சம்பளத்துலயான்னு பாருங்க. மாசம் 40,000 வாங்குறவருக்கு பேசிக் 16,000தான்னு வைங்க. ஒரு மாச நோட்டீஸுக்கு வித்தியாசமே 24,000 ரூபாய்!

மேனேஜர்கிட்ட நேர்ல சொல்றது மரியாதை, அதை விட்டுடாதீங்க. ஆனா அன்னைக்கே மெயில் போகணும், ஹெச்ஆரையும் சேர்த்து. மெயில்ல, விலகுறேன், இன்னைக்குத் தேதி இது, நோட்டீஸ்படி என் கடைசி நாள் இது. அவ்வளவுதான். ஒரு நன்றி போட்டுக்கலாம். மூணு வருஷக் கோபத்தை அதுல கொட்டாதீங்க. அந்த மெயில் உங்க ஃபைல்லயே கிடக்கும். எக்ஸிட் இன்டர்வியூலயும் நான் புதுசா எந்தப் புகாரும் சொல்லமாட்டேன். இருக்கும்போது சொல்லாததைக் கிளம்பும்போது சொல்லி என்ன ஆகப்போகுது? இது என் கருத்து, நீங்க சண்டைக்கு வரலாம்.

தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி கிராஜுவிட்டியைப் பாருங்க. நிரந்தர வேலைன்னா 5 வருஷம் முடிச்சிருக்கணும். கிராஜுவிட்டிக்குக் கணக்குல எடுக்கிற கடைசி மாசச் சம்பளத்தை 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கினா ஒரு வருஷத்துக்கான தொகை. அது 26,000-ன்னா வருஷத்துக்கு 15,000, அஞ்சு வருஷத்துக்கு 75,000. என் ஃபிரெண்ட் ஒருத்தன் ரெண்டு மாசம் பாக்கி இருக்கும்போது கிளம்பினான். கம்பெனி கை விரிச்சிடுச்சு. அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா போதும்னு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு அலைய அவனுக்குத் தெம்பு இல்லை.

ரிசைன் பண்ணதும் திடீர்னு சம்பளம் ஏத்துறேன்னு சொல்வாங்க. நேத்து வரைக்கும் ஏன் ஏத்தலைன்னு யோசிச்சுட்டு பதில் சொல்லுங்க.

நோட்டீஸ் காலத்துல வேலையை ஒப்படைக்கிறதை ஒரு டாக்குமென்ட்டா எழுதி, மெயில்ல அனுப்பிடுங்க. ரிலீவிங் லெட்டர் எப்போ வரும்னு அப்பவே கேட்டுடுங்க.

பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்காதீங்க. மொத்த சர்வீஸ் 5 வருஷம் ஆகுறதுக்குள்ள எடுத்தா வரி உண்டு. புது கணக்குக்கு மாத்திக்கோங்க. அதுக்குப் பழைய கம்பெனி நீங்க விலகின தேதியைப் பதிவு பண்ணியிருக்கணும். அவங்க மறந்துட்டா, கடைசியா பிஎஃப் கட்டி ரெண்டு மாசம் கழிச்சு ஈபிஎஃப்ஓ இணையதளத்துல நீங்களே பதிவு பண்ணலாம்.

இன்னொண்ணு. பே ஸ்லிப் எல்லாத்தையும் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வைங்க. நான் எடுக்கலை. பேங்க்ல லோன் கேட்கும்போது, பழைய ஹெச்ஆருக்கு நாலு மெயில் போட்டும் பதில் வரலை. கடைசியில வாங்கிக் கொடுத்தவர் அந்த டீக்கடை மேனேஜர்தான்.