கல்லூரி விளையாட்டு ஆட்சேர்ப்பு முகாம்

கல்லூரி விளையாட்டு ஆட்சேர்ப்பு முகாம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளின் பயிற்றுநர்கள் முன்னிலையில் தமது விளையாட்டுத் திறனை வெளிப்படுத்தும் கட்டண முகாம் ஆகும். இவை பெரும்பாலும் கோடை விடுமுறையில், ஒரு நாள் முதல் சில நாட்கள் வரை நடைபெறுகின்றன. படிப்பிலும் விளையாட்டிலும் ஒருங்கே சிறந்து விளங்கும் மாணவர்கள், இடம் கிடைப்பதற்கு அரிதான கல்லூரிகளில் சேர இவை ஒரு வழியாகும் எனக் கருதி இவற்றில் கலந்து கொள்கின்றனர். எனினும், முகாமில் கலந்து கொள்வது மட்டுமே அணியில் இடத்தையோ கல்லூரி அனுமதியையோ பெற்றுத் தருவதில்லை.

பின்னணி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிருவகிக்கும் அமைப்புகளுள் பெரியது, 1906 இல் தொடங்கப்பட்டதும் என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படுவதுமான தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஆகும். 1973 முதல் இதன் உறுப்புக் கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதல் இரு பிரிவுகளில் விளையாட்டு உதவித்தொகை வழங்கலாம். மூன்றாம் பிரிவில் வழங்க இயலாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட 8 ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவில் இருந்தும் விளையாட்டு உதவித்தொகை வழங்குவதில்லை. குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கொண்டே உதவி அளிக்கின்றன. ஸ்டான்போர்டு, டியூக் போன்ற பல்கலைக்கழகங்கள் விளையாட்டு உதவித்தொகையும் வழங்குகின்றன.

உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாடுவோருள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே கல்லூரி அணிகளில் இடம்பெறுகின்றனர். முதல் பிரிவில் இடம்பெறுவோர் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர் ஆவர்.

கல்வித் தகுதியின் பங்கு

உதவித்தொகை இல்லாத கல்லூரிகளில் பயிற்றுநர் அளிக்கக்கூடிய முதன்மையான உதவி, சேர்க்கை அலுவலகத்திற்கு அவர் செய்யும் பரிந்துரை ஆகும். இவ்வாறு பரிந்துரைக்கத்தக்க மாணவர்களின் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது. ஐவி லீக்கில் மதிப்பெண்களையும் எஸ்.ஏ.டி. போன்ற தேர்வு முடிவுகளையும் கொண்டு கல்விக் குறியீட்டெண் ஒன்று கணக்கிடப்படுகிறது. சேர்க்கப்படும் விளையாட்டு வீரர்களின் கல்வித் தரம் ஏனைய மாணவர்களின் தரத்திலிருந்து பெரிதும் விலகாதிருப்பதே இதன் நோக்கம். ஆகையால், திறன் சமமாக உள்ள இருவருள் படிப்பில் சிறந்தவரைப் பரிந்துரைப்பது பயிற்றுநருக்கு எளிது.

இப்பரிந்துரையின் வலிமை, ஹார்வர்டு சேர்க்கை முறைக்கு எதிராகத் தொடரப்பட்டு 2018 இல் விசாரிக்கப்பட்ட வழக்கில் வெளியான தரவுகளால் தெரியவந்தது. பயிற்றுநர்கள் தேர்ந்தெடுத்த விண்ணப்பதாரர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் அனுமதி பெற்றனர். ஏனையோரில் இது 10 விழுக்காட்டிற்கும் குறைவு. ஆனால் இந்த 86 விழுக்காடு, முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உரியது. முகாமுக்கு வந்தோர் அனைவருக்கும் உரியதன்று. மேலும், எல்லாக் கல்லூரிகளிலும் பரிந்துரைக்கு ஒரே மதிப்பு இல்லை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் விளையாட்டு வீரர்களுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்படுவதில்லை.

முகாம்களின் வகைகள்

- கல்லூரி முகாம்: ஒரு கல்லூரியின் பயிற்றுநர்கள் தமது வளாகத்தில் நடத்துவது. என்.சி.ஏ.ஏ. விதிகளின்படி இது வயது, வகுப்பு, பாலினம், இட எண்ணிக்கை ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டு அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும்.
- பல கல்லூரி முகாம்: தனியார் நிறுவனங்கள் நடத்துவது. பல கல்லூரிகளின் பயிற்றுநர்கள் ஒரே இடத்திற்கு வருவதால் பயணச் செலவு குறைகிறது. இவற்றுள் சில, படிப்பில் சிறந்த மாணவர்களுக்கென்றே நடத்தப்படுகின்றன.

பயன் தரும் சூழல்கள்

முகாமின் பயன் முதலில் விளையாட்டின் தன்மையைப் பொறுத்தது. நீச்சல், ஓட்டம் முதலியவற்றில் மாணவரின் நேர அளவுகளே அவரது தகுதியைக் காட்டிவிடுகின்றன. முகாம் புதிதாகக் கூறுவது குறைவு. பேஸ்பால், காற்பந்து, கைப்பந்து போன்றவற்றில் ஆட்ட நுணுக்கத்தைப் பயிற்றுநர் நேரில் காண வேண்டியுள்ளதால் முகாமின் பயன் மிகுதி.

இரண்டாவது, பயிற்றுநர் மாணவரை முன்னரே அறிந்திருத்தல். தமது ஆட்டத்தின் ஒளிப்படக் காட்சியையும் மதிப்பெண் பட்டியலையும் அனுப்பி, அவற்றைப் பார்த்த பயிற்றுநர் நேரில் காண விரும்பும் நிலையில் செல்பவருக்கே முகாம் பெரிதும் உதவுகிறது. நூற்றுக்கணக்கானோர் கூடும் களத்தில் முன்பின் அறியாத ஒருவர் கண்டெடுக்கப்படுவது அரிது.

மூன்றாவது, காலம். முதல் பிரிவின் பல விளையாட்டுகளில், மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15 இற்கு முன்னர் பயிற்றுநர்கள் அவருடன் சேர்க்கை குறித்து உரையாட இயலாது. பதினோராம் வகுப்பிற்குப் பிந்தைய கோடையில், பல கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்கள் பயிற்றுநரின் வேண்டுகோளின் பேரில் மாணவரின் மதிப்பெண்களை முன்கூட்டியே பரிசீலிக்கின்றன. எனவே அதற்கு முந்தைய ஓராண்டுக் காலத்தில் நடைபெறும் முகாம்களே முடிவுகளுக்கு நெருக்கமானவை.

குறைபாடுகள்

முகாம் அழைப்பிதழ்கள் பெருமளவில் அனுப்பப்படுவதால், அழைப்பு வந்ததையே பயிற்றுநரின் விருப்பத்திற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. முகாம் வருவாய் பயிற்றுநர்களின் ஊதியத்திற்குத் துணையாக அமைவதும் உண்டு. கட்டணம், பயணம், தங்குமிடம் ஆகியவற்றுக்கான செலவு ஒரு முகாமுக்கே பல நூறு டாலர்களை எட்டுவதால், வசதி குறைந்த குடும்பத்து மாணவர்கள் பின்தங்க நேரிடுகிறது. சிறந்த வீரர் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் கட்டணச் சலுகை அளிக்கவும் முதல் பிரிவு விதிகள் இடமளிப்பதில்லை.

அண்மைய மாற்றங்கள்

2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, அதில் இணைந்த முதல் பிரிவுக் கல்லூரிகளில் உதவித்தொகை வரம்பு நீக்கப்பட்டு, அணியின் மொத்த எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. இதனால் உதவித்தொகையின்றித் தாமாக முன்வந்து அணியில் சேர்வோருக்கான இடங்கள் பல விளையாட்டுகளில் குறைந்தன. ஐவி லீக் இவ்வுடன்பாட்டில் இணையவில்லை. படிப்பில் சிறந்த வீரர்களுக்கு ஐவி லீக்கும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் முன்னிலும் முக்கியமான தெரிவுகளாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.