வெயில் இருக்கிறது, தண்ணீரைப் பாருங்கள்

வெண்ணந்தூரில் மொட்டை மாடி உள்ள வீட்டுக்கு வெயிலைப் பற்றிக் கவலையில்லை. இந்தச் சமவெளியில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயில், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 5 யூனிட் அளவுக்கு ஆற்றல் தருகிறது. நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 4 யூனிட் போதும். அதைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால், குளிக்கும் சூட்டில் 230 லிட்டர் கிடைக்கும். ஆகவே சோலார் வாட்டர் ஹீட்டரை நாமே மாட்டலாமா என்ற கேள்விக்கு, போர் தண்ணீரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மாட்டலாம் என்பதே என் பதில். அதை அடிக்கடி திறந்து கழுவ வேண்டியவர்களும் நாம்தான் என்பது அதற்கு முதல் காரணம்.

கருவி எளிமையானது. கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி 1909-இல் வெயில் வாங்கும் பகுதியையும் தண்ணீர்த் தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்தார். இன்றும் அதே முறைதான். சூடான தண்ணீர் இலேசாகி மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். மோட்டார் தேவையில்லை. மார்கழிச் சூரியன் தென்பக்கம் சாய்ந்திருப்பதால், வெயில் வாங்கும் குழாய்கள் தெற்கு நோக்கி ஏறத்தாழ 25 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். வீட்டு ஓவர்ஹெட் டேங்க், சோலார் தொட்டியை விட உயரத்தில் இருக்க வேண்டும். காற்றுக் குழாயின் வாய், ஓவர்ஹெட் டேங்கின் நீர்மட்டத்தையும் தாண்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். வெந்நீர் வரும் வழியில் சாதாரண பி.வி.சி. பைப் இளகிவிடும், சி.பி.வி.சி. போடுங்கள். வெறும் கண்ணாடிக் குழாய்களை நடுப்பகல் வெயிலில் காயவிட்டுப் பிறகு தண்ணீர் விட்டால் அவை வெடித்துவிடும். முதல் நிரப்புதல் விடியற்காலையில் நடக்கட்டும்.

இனி உப்புத் தண்ணீர். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடேறியதும் பிரிந்து வெள்ளைப் படிவாக ஒட்டும். தட்டை வகை ஹீட்டரின் மெல்லிய செப்புக் குழாய்களில் இந்தப் படிவு அடைத்துக்கொண்டால் எளிதில் எடுக்க முடியாது. கண்ணாடிக் குழாய் வகையில் குழாயின் வாய் அகலம். கழற்றிக் கழுவி மறுபடி செருகலாம். கடினமான போர் தண்ணீர் உள்ள வீட்டுக்கு இதுவே பொருத்தம். தன் கையால் மாட்டியவருக்கு எந்த வால்வை மூட வேண்டும், எந்த ரப்பர் வளையம் எங்கே என்பது தெரியும். ஒவ்வொரு தடவையும் ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சித்திரையில் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரே கொதிக்கிறதே என்பார்கள். நியாயம்தான். அதனாலேயே 200 லிட்டர் வாங்காதீர்கள், 100 போதும். கோடையில் பாதிக் குழாய்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டால் படிவும் குறையும். இலவச மின்சாரம் இருக்கிறதே என்றும் கேட்பார்கள். கீசர் தினமும் 4 யூனிட் எடுத்தால் இரண்டு மாதத்தில் 240 யூனிட், இலவச மின்சாரம் அதற்குப் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சூடு குறையும் என்பது மறுக்க முடியாதது. அந்த நாட்களுக்கு மின் காயில் வைத்த தொட்டி உதவும்.

ஆனால் காயிலுக்கான மின் இணைப்பையும் எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். அதில் கைப்பழக்கம் போதாது. நிரம்பிய தொட்டியின் தண்ணீரே நூறு கிலோ. ஆடிக் காற்றுக்கு அசையாதபடி ஸ்டாண்டின் கால்களைக் கான்கிரீட் கட்டைகளில் இறுக்குங்கள். தளத்தைத் துளைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். பொருளை வாங்கும் முன்பே, நாமே மாட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்று கடையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.