மெல்ல வளரும் கட்டியும் எம்முன் உள்ள தெரிவுகளும்

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் எம்மவர் வீடுகளில் எழும் முதற் கேள்வி, காணியை ஈடு வைப்பதா, மாட்டை விற்பதா என்பதுதான். ஆனால் புற்றுநோய்கள் யாவும் ஒரே வேகத்தில் வளர்பவை அல்ல. வைத்தியர்கள் 'நியூரோஎன்டோகிரைன் கட்டி' என அழைக்கும் அரிய வகையொன்று உண்டு. 1907 இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஒபேர்ண்டோர்பர் என்பவர் 'புற்றுநோயைப் போன்றது' எனப் பொருள்படும் பெயரை இதற்குச் சூட்டினார். இது தீங்கற்றது என்றே அவர் எண்ணினார். பரவவும் கூடும் என 1929 இல் அவரே திருத்தி எழுதினார்.

குடல், சதையி, சுவாசப்பை ஆகியவற்றில் ஓமோன் சுரக்கும் கலங்களிலிருந்து இக்கட்டி தோன்றுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் வயிற்றோட்டம், இழுப்பு, முகத்தில் திடீரெனச் சூடு பரவுதல் என்பன காணப்படும். எமது கருநிறத் தோலில் முகம் சிவப்பது தெரியாமலே போகலாம். இடம்பெயர்ந்து வாழும் இடத்தில் வயிற்றோட்டம் என்றால் தண்ணீரின் மேல் பழி போட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் சரிதான். ஆனால் மாதக்கணக்கில் நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். சதையியில் தோன்றும் ஒருவகைக் கட்டி இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும். வெறும் வயிற்றுடன் வயலுக்குப் போனவர் வியர்த்து, புத்தி தடுமாறி, சீனித் தண்ணீர் குடித்ததும் தெளிவார். வலிப்பு என்று சொல்லிப் பார்வை பார்க்கப் போவதில் நாட்கள் வீணாகும்.

24 மணிநேரச் சிறுநீரைச் சேர்த்துச் செய்யும் பரிசோதனை ஒன்றுண்டு. அதற்கு முன்னர் சில நாட்கள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி என்பவற்றை உண்ணலாகாது. உண்டால் முடிவு பிழைத்துவிடும்.

கட்டி எங்கே தொடங்கியது, ஈரலுக்குப் பரவியுள்ளதா, என்ன தரம் என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். நூறு கலங்களில் மூன்றுக்குக் குறைவானவை பெருகிக்கொண்டிருந்தால் முதலாம் தரம். இருபதுக்கு மேலென்றால் மூன்றாம் தரம், அது வேகமானது. கட்டி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் சத்திரசிகிச்சையால் பூரண சுகம் கிடைக்கலாம். குடல்வாலை அகற்றும்போது தற்செயலாகக் காணப்படும் 1 சென்ரிமீற்றரிலும் சிறிய கட்டிக்குப் பொதுவாக வேறெதுவும் தேவைப்படாது.

பரவிய கட்டிக்கு ஒக்ரியோரைட் அல்லது லான்ரியோரைட் ஊசி நான்கு வாரத்திற்கொருமுறை ஏற்றப்படுகிறது. அது கட்டியைக் கரைப்பதில்லை. வளர்ச்சியைத் தாமதிக்கும், வயிற்றோட்டத்தையும் தணிக்கும். 2009 இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில், கட்டி மேலும் வளர எடுத்த காலம் ஏறக்குறைய 6 மாதத்திலிருந்து 14 மாதமாக நீண்டது. லூற்றீசியம் என்னும் கதிர்வீச்சு மருந்துக்கு ஐரோப்பாவில் 2017 இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவின் சில பெரிய வைத்தியசாலைகளிலும் அது கொடுக்கப்படுகிறது. ஆனால் கட்டியின் கலங்களில் அம்மருந்தைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் இருந்தாலே அது பயன் தரும். அதனை விசேட ஸ்கான் ஒன்றால் முன்கூட்டியே அறியலாம். அந்த ஸ்கானின் முடிவு கையில் கிடைக்காமல் இந்தியப் பயணத்துக்காகக் காணியை விற்காதீர்கள்.

பொறுத்திருப்பதற்கும் தட்டிக்கழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அப்பிள் கணினி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜொப்சுக்குச் சதையியில் இக்கட்டி இருப்பது 2003 இல் தெரியவந்தது. சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்து, ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் பத்தியத்தையும் மாற்று மருத்துவத்தையும் நாடினார். 2004 இல் சத்திரசிகிச்சை நடந்தது. 2011 இல் காலமானார். முன்னரே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் உறுதியாகக் கூறமுடியாது. வைத்தியர் கிளினிக்குக்கு அழைத்து ஸ்கான் எடுத்துக் கண்காணிப்பது வேறு, எவரும் பாராமல் வீட்டிலிருப்பது வேறு.

நோயாளர் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நல்லது. மதுவும் அதிக உறைப்பும் முகச்சூட்டைக் கிளப்பிவிடும். பல்லுப் பிடுங்கப் போனாலும், மயக்க மருந்து கொடுக்குமுன் இந்நோயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் குருதி அமுக்கம் ஆபத்தான அளவுக்கு மாறக்கூடும். கிளினிக் கொப்பி, நுணுக்குக்காட்டிப் பரிசோதனை அறிக்கை, கடைசி ஊசியின் திகதி ஆகியவற்றைப் பொலித்தீன் பையொன்றில் குடும்ப அட்டையுடன் சேர்த்து வையுங்கள். மீண்டும் இடம்மாற நேர்ந்தால் புறப்படுமுன் கிளினிக்கில் மாற்றுக் கடிதம் கேளுங்கள். தெல்லிப்பழையிலோ மட்டக்களப்பிலோ மகரகமவிலோ அடுத்த ஊசியை ஏற்றவுள்ள வைத்தியருக்கு அக்கடிதம் தேவைப்படும்.