தொய்யில் என்னும் சான்று

சங்க மகளிரின் தோளிலும் மார்பிலும் சந்தனம் முதலிய குழம்பால் எழுதப்பெற்ற கோலமே தொய்யில். பச்சை போல ஊசியால் குத்தப்படுவதன்று, நீராடினால் அழிவது. கரும்பும் கொடியும் அதில் இடம்பெற்றன. கரும்பு காமனின் வில்லன்றோ! களவுக் காலத்தில் இதனைத் தலைவனே எழுதியதும் உண்டு.

குறுந்தொகையின் 276ஆம் பாடலை நோக்குவோம். தலைவியைக் காணவியலாத தலைவன் தோழியிடம் பேசுகிறான். பாவை செய்து தந்தும், கோரைப் பள்ளத்தில் உடன் திரிந்தும் பழகியவன் அவன். தலைவியின் மேனியில் தான் எழுதிய தொய்யிலைக் காவலர் அறியார். செங்கோல் அரசனின் அவையில் அதுபற்றித் தான் வினவினால் என்னாகும் என்கிறான். அறியாமையுடைய ஊருக்காக இரங்கவும் செய்கிறான்.

இதனை வெறும் காதற்பேச்சாக நாம் கருதவில்லை, அச்சுறுத்தலாகவே கொள்கிறோம். அவை ஏறினால் தலைவியின் பெயர் ஊரார் வாயில் அலராகும். அவன் காட்டும் சான்றோ, அவள் ஒருமுறை நீராடினால் மறைந்துவிடும்.