குறிஞ்சி ஆண்டவர் குடிகொண்ட கோடைக்கானல்

பழனியம்பதிக்கு யாத்திரை செல்லும் நம் அன்பர்கள், தண்டாயுதபாணியைத் தரிசித்ததும் ஊர் திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். அக்குன்றுக்குத் தெற்கே நீல மதிலென எழுந்து நிற்கும் மலைத்தொடரின் உச்சியில், அப்பெருமானின் மற்றொரு சந்நிதியும் உண்டு. அதுவே கோடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயில்.

திண்டுக்கல் மாவட்டத்தைச் சார்ந்த இச்சிற்றூர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது. பழனியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் மலைப்பாதை. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன் ஆண்டது இம்மலையடிவாரம். கோடை மலைத் தலைவனான கடிய நெடுவேட்டுவனைப் புறநானூறு பாடுகிறது. பளியர் என்னும் பழங்குடியினர் தொன்றுதொட்டு இங்கு வாழ்ந்து வருகின்றனர்.

1821ஆம் ஆண்டு வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்மலையை அளந்தார். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845இல் இங்கு வீடுகள் எழுப்பினர். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863இல் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். இங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில்தான், சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தார்.

கோயிலின் வரலாறோ நெஞ்சை நெகிழ்விப்பது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர் லீலாவதி அம்மையார். அவரே 1936இல் இக்கோயிலை எழுப்பினார். இன்று அது பழனி தேவஸ்தானத்தின் பராமரிப்பில் உள்ளது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியே பெருமானின் திருப்பெயருக்குக் காரணம். 2006லும் 2018லும் பூத்த அம்மலர், இனி 2030இல் பூக்கவேண்டும். ஆயின் அது வளரும் புல்வெளிகளின் பெரும்பகுதியை, பிற நாடுகளிலிருந்து கொணர்ந்து நட்ட சீகை மரங்களும் யூக்கலிப்டசும் பைனும் மூடிவிட்டன. 2013இல் இக்காடுகள் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது ஆறுதல் தருகிறது.

இது மலருக்கு மட்டும் வந்த துன்பமன்று. பெய்யும் மழையை உறிஞ்சி, ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கசியவிடுபவை இப்புல்வெளிகளும் சோலைக்காடுகளுமே. பழனியில் காவடி எடுப்போர் நீராடும் சண்முக நதிக்கு நீர் வருவதும் இம்மலைகளிலிருந்துதான். மலை வறண்டால் நதி வறளும்.

ஆதலின், அடுத்த முறை பழனி செல்லும் அன்பர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கி மலையேறுக. குறிஞ்சி ஆண்டவரை வணங்குக. குறிஞ்சிச் செடியைக் கண்டால் பறியாது, கண்ணால் மட்டும் கண்டு திரும்புக. அதுவும் அவனுக்குச் செய்யும் அர்ச்சனையே.